என் மெஷின் முன்னால் அவள்

பொறாமைப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளப் பலருக்கும் வெட்கம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அண்ணனூர்க்காரியைப் பார்த்து நான் வயிறெரிந்துகொண்டிருந்த மாதங்களில் என் உடம்புக்கு ஒரு குறையும் வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், கொஞ்சம் எடைகூடப் போட்டேன். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே அவள் ஞாபகம் வந்துவிடும். அந்த வேகத்தில் அரைத்த சட்னியெல்லாம் காரமாகவே இருந்ததாக என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

நானும் அவளும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறோம். அப்போது இரண்டு பேருமே ஆபரேட்டர்கள். கம்ப்யூட்டர் வைத்த லேத்தில் இரும்புத் துண்டை மாட்டி, கதவைச் சாத்தி, பச்சைப் பட்டனை அமுக்கினால் மெஷின் தானாகக் கடைந்து கொடுக்கும். அதை எடுத்துத் துடைத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, தட்டில் அடுக்க வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். தலைமுடி கனத்தில் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பீஸ் ரிஜெக்ட் டப்பாவுக்குப் போகும். என் அம்மா ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். எங்கள் குடும்பத்தில் மைக்ரோமீட்டர் பிடித்த முதல் கை என்னுடையது. அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

காலையில் ஆவடியில் மின்சார ரயில் ஏறி, லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் டிபன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். அடுத்த ஸ்டேஷன் அண்ணனூர். அவள் ஏறுவாள், பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்காருவாள். பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை வாய் ஓயாது. என்னைவிடச் சில வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வேலையில் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். மாமியாருக்கு முடியவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அடிக்கடி லீவு போடுவாள். அதனால் அவளுக்கென்று ஒரு மெஷின் கிடையாது. யார் வரவில்லையோ அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

எனக்கென்று ஒரு மெஷின் இருந்தது. கடைசி வரிசையில் சுவரோரமாக நிற்கும், முதலாளி எங்கிருந்தோ பழசாக வாங்கிப்போட்டது. ஆயுத பூஜைக்கு நான் வைத்த குங்குமம் அதன் நெற்றியில் வருஷம் முழுக்க இருக்கும். மற்ற மெஷின்கள் அவ்வளவு படுத்தாது. இதுவோ காலையில் முதல் ஒரு மணி நேரம் யார் பேச்சையும் கேட்காது. அளவு பெரிசாக வரும், திருத்தினால் சிறிசாக வரும். எப்போதாவது நான் லீவு போட்டால், அன்றைக்கு அதில் நின்றவர்கள் ரிஜெக்ட் டப்பாவை நிரப்பிவிட்டு என்னைத் திட்டுவார்கள். “அது அக்கா மெஷின்பா, அக்காவுக்குத்தான் அடங்கும்” என்பார்கள். நான் காதில் விழாத மாதிரி நிற்பேன்.

அதை எப்படி அடக்குவது என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து, பீஸ் மாட்டாமல் மெஷினை வெறுமனே சுற்றவிடுவேன். நான் முடியை முடிந்து தொப்பி மாட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அதன் உடம்பு கொஞ்சம் சூடேறிவிடும். பிறகு அளவில் சின்னதாக ஒரு திருத்தம் கொடுப்பேன். டீ நேரத்தில் அதில் பாதியை எடுத்துவிடுவேன். சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு வந்தால் மறுபடி கொஞ்சம் கொடுப்பேன். ஏ.டி.எம்.மில் நம்பர் அடிக்கிற மாதிரி, உடம்பால் திரையை மறைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் அடிப்பேன். எங்கள் மெஷின் ஷாப்பில் பழைய ஆபரேட்டர்கள் எல்லோருமே அப்படித்தான். அவரவர் கைப்பழக்கம் அவரவரோடு. சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அந்த இடத்தில் ஒரு கான்ட்ராக்ட் ஆள் நிற்பான் என்று பயம். அதனால் ஒருவரை ஒருவர் கேட்பதும் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் எச்.ஆர். மேடம் எங்களைக் கேன்டீனில் உட்காரவைத்துப் பேசினார். அரசாங்கம் ஒரு திட்டம் வைத்திருக்கிறதாம். தனியார் கம்பெனிகள் தங்களிடம் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினால், செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே மானியமாகக் கொடுத்துவிடும். எஸ்டேட்டுக்குள்ளேயே ஒரு பயிற்சி மையம், வேலை நேரத்திலேயே வகுப்பு. சம்பளம் பிடிக்க மாட்டார்கள். மெஷினுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள். “முடிச்சிட்டு வர்றவங்களுக்குத்தான் செட்டர் போஸ்ட்ல முதல் உரிமை” என்றார் மேடம்.

செட்டர் என்றால் மெஷினுக்கு வேலை சொல்கிறவர். புதுப் பீஸ் வந்தால் புரோகிராம் ஏற்றி, கடையும் கத்தியை மாற்றி, முதல் பீஸைச் சரியாக வரவைத்து ஆபரேட்டரிடம் ஒப்படைப்பவர். நாள் முழுக்க நிற்க வேண்டாம், அவருக்கு நாற்காலி உண்டு. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பச்சைப் பட்டனைச் சுற்றி இருக்கிற அத்தனை பட்டன்களும் எதற்கு என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மேடம் பேசி முடிப்பதற்குள் நான் மனசுக்குள் அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் பெயர் படித்தார். அண்ணனூர்க்காரியின் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அவர் பின்னாலேயே போனேன்.

“சார், என் பேரு?”

“உன்ன அனுப்பிட்டா அந்த மெஷின யாரும்மா ஓட்றது?”

“அவள அனுப்பறீங்களே சார்.”

“அவ ஒரு மாசம் இல்லாங்காட்டியும் இங்க ஒண்ணும் நிக்காது. நீ ஒரு நாள் இல்லன்னா எனக்கு நாக்கு தள்ளிடுது. கவர்மென்ட்டு கிளாஸுக்குத்தான் காசு தரும். சரக்கு போவலன்னா கஸ்டமருக்கு நான்தான் பதில் சொல்லணும். நீதாம்மா இந்த ஷாப்புக்கே தூணு, போ, போய் மெஷினப் பாரு.”

தூண் என்று பெருமையாகத்தான் சொன்னார். தூண் எங்கேயும் போக முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதிகம் லீவு போடாமல் வேலை செய்ததற்காக வருஷா வருஷம் எனக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்திருக்கிறார்கள். வீட்டு அலமாரியில் அவை வரிசையாக இருக்கின்றன. லீவு போட்டவளுக்குப் படிப்பு, போடாதவளுக்கு ஹாட் பாக்ஸ். அன்றைக்குப் போய் அத்தனையையும் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். “அவளுக்கு குட்தா உனக்கு இன்னா போச்சி?”

“என் இடம் போச்சி.”

“நீதான அந்த மெஷின் என்னாண்ட மட்டும்தான் அடங்கும்னு ஊரு பூரா சொல்லிகினு இருந்த? இப்போ அத்தயே கட்டிகினு அழு.”

சிரிக்க வேறு செய்தார். அன்று அவருக்குக் குழம்பு ஊற்றும்போது கரண்டி கொஞ்சம் சத்தம் போட்டது.

மறுநாள் ரயிலில் நான் இடம் பிடிக்கவில்லை. டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்தார். அண்ணனூரில் ஏறியவள் கம்பியைப் பிடித்தபடி நின்று, “இன்னாக்கா, இன்னிக்கி செம கூட்டமா?” என்றாள். ஆமாம் என்றேன். எதிர் வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

அவள் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும் என் பாடு இன்னும் மோசமானது. காலரில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு டிஷர்ட் கொடுத்தார்கள். தோளில் மாட்ட ஒரு பை கொடுத்தார்கள். வகுப்பில் ஏ.சி., பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். இதையெல்லாம் அவள் பெருமைக்காகச் சொல்லவில்லை, நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். பல் வலிக்கும் இடத்தில் நாக்கு தானாகப் போகிற மாதிரி. இன்னா பிஸ்கட்டு என்றுகூடக் கேட்டேன். கிரீம் வைத்த பிஸ்கட்.

ரயிலில் நோட்டை விரித்துப் படிப்பாள். குறுக்கும் நெடுக்கும் கோடு, ஓரத்தில் எழுத்தும் நம்பரும். நான் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு கண்ணாடியில் அவள் நோட்டைப் பார்ப்பேன். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும்.

“அக்கா, உனுக்கு சொல்லித் தரட்டா? நல்லா கீதுக்கா, கோலம் போட்ற மாறியேதான்.”

“எனக்கு எதுக்கு? நான் பட்டன் அமுக்கறவ.”

அவள் நோட்டை மட்டும் என் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது, பிடுங்கி வெளியே எறிய வேண்டும் என்றும் இருந்தது.

பயிற்சி முடிந்து வந்தாள், செட்டர் ஆனாள். நாற்காலி வந்தது. டேபிள் ஃபேனும் வந்தது. நாற்காலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த ஃபேனைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மெஷினுக்குப் புதுப் பீஸ் வந்த அன்று அவள்தான் புரோகிராம் ஏற்ற வந்தாள். நான் இத்தனை வருஷம் துடைத்த திரையில் நான் தொட்டே பார்க்காத பட்டன்களை அவள் ஒவ்வொன்றாக அமுக்கினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி நின்றேன். தப்பு பண்ணட்டும், கத்தி போய் இடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இடிக்கவில்லை.

அப்புறம் மானியம் சரியாகச் செலவாகியிருக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பயிற்சி முடித்தவர்களைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். ஷாப்பிலேயே சுத்தமான மெஷின் என்னுடையது என்பதால் சூப்பர்வைசர் எல்லோரையும் அங்கே அழைத்து வந்தார். “நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லும்மா” என்று என்னைத் தூண் ஓரமாக நகர்த்தினார். அண்ணனூர்க்காரி என் மெஷின் கதவில் கை வைத்து நின்று சிரித்தாள். அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு நோட்டீஸ் போர்டில் ஏறியது. நான் வைத்த குங்குமம் அதில் தெளிவாக விழுந்திருந்தது. தினமும் வருகைக்கு விரல் ரேகை வைக்கும் இடத்துக்கு மேலேதான் அந்த போர்டு. தினமும் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் அடுத்த பேட்ச் வருகிறது என்று பேச்சு வந்தது. நான் யாரையும் போய்க் கேட்கவில்லை. மறுபடி தூண் என்பார்கள், வேறென்ன. ஆனால் ஒரு நாள் டீ நேரத்தில் அவளே என் மெஷினுக்கு வந்தாள்.

“அக்கா, உன் பேர சொல்லிக்கீறேன் சார்கிட்ட.”

“நீ யாரு என் பேர சொல்றதுக்கு?”

“சார் பழைய பாட்டுதான் பாட்றாரு, மெஷின் யாரு ஓட்றதுன்னு. நான் ஓட்றேன்னு சொல்ட்டேன். ஆனா அது உன்னாண்டதான அடங்கும். எனக்கு காட்டிட்டு போ.”

இரண்டு நாள் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவளிடம் டிஷர்ட் இருக்கிறது, சர்டிஃபிகேட் இருக்கிறது, நாற்காலியும் ஃபேனும் இருக்கிறது. அவளிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். இதையும் கொடுத்துவிட்டால் போட்டோவில் இருப்பது உண்மையாகிவிடும், அது அவள் மெஷின் ஆகிவிடும். கொடுக்காவிட்டால் நான் ரிட்டயர் ஆகும்வரை பச்சைப் பட்டனை அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடைசியில் என்னை முடிவெடுக்க வைத்ததும் பொறாமைதான். அந்த ஷாப்பில் அவள் ஒருத்தி மட்டுமே பெண் செட்டராக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் இரண்டு பேரும் முன்னதாகவே வந்தோம். ஷாப்பில் வேறு யாரும் இல்லை. மெஷினை வெறுமனே சுற்றவிட்டுக் காட்டினேன். அதன் உடம்பில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இவ்வளவு கொடு, டீக்கு இதில் பாதியை எடு, சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொடு என்றேன். என் குரல் தழதழத்தது, எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள்.

“அட! பாதியத்தான் எடுக்கணுமா?”

“பாதிதான். ஒரேயடியா எடுத்தா பெரிசாப் பூடும்.”

“இத்தினி வருசமா இத்த வெச்சிகினா நீ எல்லாரையும் ஆட்டி வெச்ச! செம ஆளுக்கா நீ.”

ஏதோ நகையைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

நானும் வகுப்புக்குப் போனேன். டிஷர்ட் வந்தது, பை வந்தது. ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிஸ்கட் இந்த முறை கிரீம் இல்லாதது. முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு போன் போட்டு, “ரிஜெக்ட் எவ்ளோ?” என்று கேட்டேன். “ஒண்ணுகூட இல்லக்கா. நீ சொன்ன மாறியேதான் பண்ணேன்” என்றாள். சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு அடிவயிற்றில் தீ. என் மெஷின் என்னைத் தேடவே இல்லை. ஒரு டப்பாவாவது நிரப்பி, அக்கா எங்கே என்று சூப்பர்வைசரைக் கேட்க வைத்திருக்கலாம்.

மறுநாள் மெஷின் பராமரிப்புப் பாடம். வாத்தியார் சின்ன வயசுக்காரர், போர்டில் எழுதிக்கொண்டே போனார். மெஷின் காலையில் குளிர்ந்திருக்கும். சுற்றச் சுற்றச் சூடாகும், சூடானால் இரும்பு நீளும், அளவு மாறும். பழைய மெஷினில் இது அதிகம். ஆகவே வெறுமனே சுற்றவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சின்னத் திருத்தம் கொடுங்கள், சூடு ஏற ஏறக் குறைத்துக்கொண்டே வாருங்கள், இடைவேளைக்குப் பிறகு மறுபடி பாருங்கள். “இது தெரியாத ஷாப்ல காலைல பூரா ரிஜெக்ட்தான் வரும். எல்லா பேட்ச்சுக்கும் ரெண்டாவது நாளே இதச் சொல்லிடுவேன்” என்றார். எனக்குப் பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் மட்டும் பேனாவைப் பிடித்தபடி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லா பேட்ச்சுக்கும் ரெண்டாவது நாளே. அவளும் இதே அறையில் உட்கார்ந்துதானே கேட்டிருப்பாள்? டிஷர்ட் போட்டுக்கொண்டு ரயிலில் என் பக்கத்தில் நோட்டை விரித்தபோதே அவளுக்குத் தெரியும். போட்டோவில் என் மெஷின் கதவில் கை வைத்துச் சிரித்தபோதும் தெரியும். நான் தழதழத்துக்கொண்டு பாடம் நடத்தியபோது கண்ணை விரித்து ‘அட!’ என்றாளே, அப்போதும் தெரியும்.

அடுத்த நாள் ஆவடியில் ஏறியதும், பக்கத்து இடத்தில் டிபன் பையை வைத்தேன். அண்ணனூரில் ஏறினாள். பையையும் என்னையும் பார்த்தாள், பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“உனக்கு முன்னாடியே தெரியும் இல்ல?”

“இன்னாதுக்கா?”

“மெஷின் சூடு. வாத்தியார் சொன்னாரு.”

தன் பையின் வாரைச் சரிசெய்தாள். பிறகு, “தெரியும்” என்றாள்.

“அப்புறம் ஏன் சார்கிட்ட சொல்லல? நீதான் கண்டுபுட்ச்சேன்னு சொல்லி பேரு வாங்கியிருக்கலாம்ல?”

“சொன்னா இன்னா ஆவும்? உன்ன அந்தாண்ட தள்ளிட்டு கான்ட்ராக்ட் ஆள நிக்க வெப்பாங்க. மெஷின் போச்சின்னா நீ இன்னா பண்ணுவ? அதுக்குத்தான், நீ மொதல்ல கிளாஸுக்கு போவட்டும்னு இருந்தேன்.”

“சரி, தெரிஞ்சிகினே ஏன் காட்ட சொன்ன? அன்னிக்கு நான் சொல்லும்போது எதுக்கு அப்டி வாயப் பொளந்துகினு கேட்ட?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உன் மெஷினாச்சே, உன்ன கேக்காம தொட்டா நல்லா இருக்குமா? நீ இன்னா ஆசையா சொல்லிகினு இருந்த! நடுவுல எனக்கு தெரியும்னு சொல்ல மனசு வர்லக்கா.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்து, அவள் மெஷினின் ரகசியம் எனக்குத் தெரிய வந்திருந்தால், அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஷாப் முழுக்கத் தெரிந்திருக்கும். முதலில் சூப்பர்வைசருக்கு, அப்புறம் மேடத்துக்கு, போட்டோ எடுக்க வந்த அதிகாரிக்கும்கூட. இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்டிஃபிகேட் எனக்கும் வரும், நாற்காலி வரும், கேட்டால் ஃபேனும் தருவார்கள். அவளிடம் இருக்கிற இன்னொன்றை எந்த வகுப்பில் போய்ப் படிப்பது, அதற்கு எந்த அரசாங்கம் மானியம் கொடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டரவாக்கத்தில் இறங்கும்போது என் டிபன் பையையும் அவளே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அதற்கும் எரிந்தது.